பின்னால் ஓடி வருகிறவர்களுக்குப் பந்தைக் கொடுங்கள்: இலங்கை றக்பி சம்மேளனத்துக்கு ஒரு திறந்த மடல்

இலங்கை றக்பி சம்மேளனத்தின் தலைவர் அவர்களுக்கும், நிருவாகக் குழு உறுப்பினர்களுக்கும், பாடசாலை மட்ட றக்பியைப் பொறுப்பேற்று நடத்துவோருக்கும்,

வணக்கம்.

கடந்த பருவத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, ஹவ்லொக் பார்க் மைதானத்தில் நடந்த கழக றக்பி ஆட்டமொன்றைப் பார்ப்பதற்கு என் தங்கையின் மகனை அழைத்துப் போனேன். அவனுக்கு வயது 15. வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கும் அந்த மைதானத்துக்குள் அவன் அதுவரை காலடி வைத்ததில்லை. இங்கிலாந்துப் பிரீமியர் லீக்கின் புள்ளிப் பட்டியலை மேலிருந்து கீழாக ஒப்புவிக்கக்கூடியவன். கிரிக்கெட் வீரர்களின் சராசரிகளைக் கேட்டால் கணக்குப் பாடத்தில் காட்டாத வேகத்தில் சொல்லுவான். வாசலில் நுழைவுச்சீட்டை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, "மாமா, இது எந்த ஸ்கூல் மேட்ச்?" என்று கேட்டான். பாடசாலை ஆட்டமில்லை, கழகங்களுக்கு இடையிலான ஆட்டம் என்றேன். "அப்ப நாங்கள் ஆருக்குக் கத்துறது?" என்றான்.

இந்த ஆட்டத்தைச் சிறு வயதிலிருந்து நேசித்து வந்த எனக்கு அந்தக் கேள்விக்கு அன்று பதில் கிடைக்கவில்லை. இந்த மடல் அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

அன்று பார்வையாளர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், அல்லது என்னிலும் மூத்தவர்கள். தலையில் பழைய கல்லூரித் தொப்பி, கையில் தேநீர்க் குவளை, வாயில் எண்பதுகளின் கதை. இருபது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை எண்ணுவதற்கு என் இரு கைகளின் விரல்களே போதுமாயிருந்தன. அதே பருவத்தில் கொழும்பில் நடந்த ஒரு பாடசாலை ஆட்டத்துக்குப் போனபோதோ நிற்பதற்கே இடமில்லை; மழை கொட்டியும் ஒருவரும் கலையவில்லை; பப்பரே வாத்திய இசையில் காது அடைத்தது. ஆட்டம் ஒன்றுதான், விதிகளும் ஒன்றுதான், இன்னும் சொன்னால் கழக ஆட்டத்தில் திறமை கூடுதல். ஆகவே, இளைஞர்களுக்கு றக்பி பிடிக்காமற் போய்விட்டது என்று நாம் நம்மிடையே சொல்லிக்கொள்வது பாதி உண்மைதான். அவர்களுக்கு நாம் றக்பியைக் கொடுக்கவே இல்லை. பாடசாலையைக் கொடுத்தோம், றக்பியை அதனோடு ஒட்டிக் கொடுத்தோம். பாடசாலையை விட்டு வெளியேறும் நாளில் ஒட்டியதும் உரிந்து போகிறது. அந்தப் பாடசாலைகளுக்குள் பிறவாத பிள்ளைக்கோ ஒட்டுவதற்கே ஒன்றுமில்லை.

இது நேற்று நேர்ந்த கோளாறன்று. 1879 இல் கொழும்பு உதைபந்தாட்டக் கழகம் என்ற பெயரில் தொடங்கிய காலத்தில் இது வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரினதும் வணிகக் கம்பனிக்காரரினதும் பொழுதுபோக்கு. 1891 இல் கண்டியில் கிங்ஸ்வூட் கல்லூரியைத் தோற்றுவித்த எல். ஈ. பிளேஸ் இதைப் பாடசாலைக்குள் கொண்டுவந்தார். 1906 இல் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் முதலாவது பாடசாலை ஆட்டத்தை ஆடின. அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1908 இல், உங்கள் அமைப்பு உருவாயிற்று. 1945 இலிருந்து ரோயலும் திரித்துவமும் பிரட்பி கேடயத்துக்காகக் கொழும்பிலும் கண்டியிலுமாக மோதி வருகின்றன. ஆசியாவில் இவ்வளவு நீண்ட றக்பி மரபு வேறு எத்தனை நாடுகளுக்கு உண்டு என்று நாம் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் அந்த மரபு தந்தையிடமிருந்து மகனுக்கு, பழைய மாணவனிடமிருந்து புதிய மாணவனுக்கு என்று ஒரு குடும்பச் சொத்தைப் போலத்தான் கைமாறி வந்திருக்கிறது. நாட்டில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றுள் றக்பியின் முட்டை வடிவப் பந்தைக் கண்ணால் கண்ட பாடசாலைகள் மிகச் சிறு பங்கு. சொத்துக்கு வாரிசு அல்லாதவன் வேலிக்கு வெளியே நின்று எவ்வளவு நேரந்தான் எட்டிப் பார்ப்பான்?

கொழும்புத் தமிழ் பேசும் மக்களிடையே இந்தக் கதையை நான் நேரில் அறிவேன். ரோயல், டீ. எஸ். சேனாநாயக்க, கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற், மருதானை ஸாஹிரா முதலிய கல்லூரிகளில் தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைகளுக்கு அந்தக் கதவு திறந்திருந்தது. அப்படி ஒரு கல்லூரியில்தான் நானும் 1987 இல் பதினேழு வயதுக்குட்பட்ட அணியில், மைதானத்தின் ஓரமாக ஓடும் விங் நிலையில் ஆடினேன். மெலிந்த உடம்பு, வேகமான கால். பந்து என் கைக்கு வந்து சேருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும் நாள்களே அதிகம். ஆனால் எங்கள் ஒழுங்கையில் இருந்த மற்றப் பையன்களில் எவரும் அந்தப் பந்தைத் தொட்டதில்லை. அவர்கள் திறமையில் குறைந்தவர்களல்லர். என்னைவிட வேகமாக ஓடக்கூடிய இருவர் இருந்தார்கள். அவர்கள் படித்த பாடசாலைகளில் றக்பி இல்லை, அவ்வளவுதான். பாடசாலைக்குப் பின்னர் ஆட்டத்தைத் தொடர நினைத்தவனுக்கு இருந்த வழிகளும் ஒடுக்கமானவை. கொழும்பின் பழைய கழகங்களில் சேர அறிமுகம் வேண்டும். தொழிலோடு சேர்த்து ஆட்டத்தையும் தந்தவை இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகள். போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் ஒரு தமிழ் இளைஞனுக்கு அந்த வாசல் எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை. அன்று எங்களோடு ஆடியவர்களுள் பாதிப்பேர் இப்போது ரொரன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள்; அவர்களுடைய பிள்ளைகள் அங்கே றக்பி ஆடுகிறார்கள் என்று கேள்விப்படும்போது ஒரு கசப்பான சிரிப்பு வருகிறது.

மீண்டும் ஹவ்லொக் பார்க்குக்கு வருகிறேன். ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் மத்தியஸ்தர் நான்கு முறை ஊதினார். ஒவ்வொரு முறையும், "இப்ப ஏன் விசில் அடிச்சவர்?" என்றான் மருமகன். முதல் முறை, பந்தை முன்பக்கம் தவறவிட்டார்கள் என்று சொன்னேன், புரிந்துகொண்டான். இரண்டாம் முறை, பிடித்து வீழ்த்தப்பட்டவன் தரையில் கிடந்தபடி பந்தை விடாமல் வைத்திருந்தான் என்றேன், அதுவும் புரிந்தது. மூன்றாம் முறை, வீழ்த்தியவன் விலகி உருளவில்லை. நான்காம் முறை, உதவிக்கு ஓடி வந்தவன் தன் அணியின் பின்பக்கத்தால் வராமல் பக்கவாட்டில் நுழைந்தான். இதைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது, ஏனென்றால் இந்த ஆட்டத்தைத் தமிழில் எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. பயிற்றுநர் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் திட்டினார்; நாங்கள் அந்தச் சொற்களிலேயே ஆட்டத்தைக் கற்றோம். கடைசியில் நம் ஊர் விளையாட்டான கிளித்தட்டு கைகொடுத்தது. கோட்டைக் காப்பவன் தன் கோட்டை விட்டு முன்னே வந்தால் பிழை, உள்ளே போக நினைப்பவன் காவலில் இடைவெளி கண்டு நழுவ வேண்டும், ஒருவன் இழுபட்டு நின்றால் மற்றவனுக்கு வழி திறக்கும் என்று சொன்னபோது அவனுடைய கண் மைதானத்தின்மேல் நிலைத்தது. இரண்டாம் பாதியில் எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து ஒரு ட்ரை பெற்றபோது எனக்கு முன்னரே எழுந்து நின்றான். அந்தப் பருவத்தில் நான் கண்ட மிக நல்ல காட்சி அதுதான்.

இதை ஒரு மொழிப் பெருமைக் கோரிக்கையாக நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடாது. கிரிக்கெட் இந்த நாட்டின் ஒவ்வொரு மூலைக்கும் போய்ச் சேர்ந்ததில், இலங்கை வானொலியின் தமிழ் நேர்முக வர்ணனைக்கும் ஒரு பங்கு இருந்தது. மட்டக்களப்பில் வயலோரத்தில் வானொலிப் பெட்டியைக் காதோடு வைத்துக்கொண்டிருந்தவனுக்கு ஆட்டமும் அதன் சொற்களும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. றக்பி ஆட்டமொன்றுக்கு அத்தகைய தமிழ் வர்ணனையை நான் இதுவரை கேட்டதில்லை. ஓர் ஆட்டத்தைப் புரிந்துகொள்ளாமல் நேசிக்க முடியும், அதுவும் தன் கல்லூரிக் கொடி பறக்கும்போது மட்டும். கொடியில்லாதவனுக்குப் புரிதல் ஒன்றே நுழைவாயில். இப்போது ஆட்டங்கள் இணையத்தில் நேரலையாக ஒளிபரப்பாகின்றன. படம் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் இன்னொரு ஒலித்தடம் சேர்ப்பதற்கு ஓர் அறையும் இரண்டு ஒலிவாங்கிகளும் விடயம் தெரிந்த இரண்டு பேரும் போதும்.

இளைஞர்கள் கைப்பேசிக்குள் விழுந்து கிடக்கிறார்கள், எண்பது நிமிட ஆட்டத்துக்கு அவர்களுக்குப் பொறுமை இல்லை என்று கூட்டங்களில் சொல்லப்படுவதையும் கேட்டிருக்கிறேன். ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தின் கடைசி நாளை விடிய விடியப் பார்க்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். பொறுமை இருக்கிறது, காரணந்தான் வேண்டும். அவர்கள் கைப்பேசியில் றக்பியும் இல்லாமலில்லை. 2016 இல் ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் றக்பி சேர்க்கப்பட்டபோது பீஜி இறுதியாட்டத்தில் பிரித்தானியாவை 43-7 என்று வென்று தன் வரலாற்றின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தையே தங்கமாகப் பெற்றதை அவர்கள் துண்டுப் படங்களில் பார்த்திருக்கிறார்கள். தென்னாபிரிக்கா 2019 இலும் 2023 இலும் அடுத்தடுத்து உலகக் கிண்ணத்தை வென்றபோது அதைத் தூக்கிய அணித்தலைவர் சியா கொலிசியை அடையாளம் காண்கிறார்கள். 2025 இல் இந்தியாவில் ஆறு அணிகளோடு எழுவர் றக்பி லீக் ஒன்று தொடங்கி அதன் முதல் கிண்ணத்தை சென்னை புல்ஸ் வென்றது என்ற செய்தியை எனக்குச் சொன்னவனே என் மருமகன்தான். சென்னையின் பெயர் தாங்கிய ஓர் அணியை அவனுக்குத் தெரிகிறது. தன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆடும் அணியின் தலைவர் யாரென்று தெரியவில்லை. இதில் குற்றம் பையனுடையதா?

உங்கள் வீரர்களை எவருக்கும் நீங்கள் அறிமுகப்படுத்தவில்லை. மாறாக, 2023 ஐ எண்ணிப் பாருங்கள். 1973 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின் கீழ் விளையாட்டு அமைச்சு சம்மேளனத்தில் தலையிட்டது. உலக றக்பி அமைப்பு இலங்கையை இடைநிறுத்தியது. அதற்குப் பிறகு யார் தலைவர், எந்த யாப்பு, எந்த வழக்கு என்பதுதான் மாதக்கணக்கில் செய்தியாயிற்று. அந்த ஆண்டில் ஆட்டத்தைப் புதிதாகத் தேடி வந்த ஒரு பிள்ளைக்கு, றக்பி என்றால் வர்த்தமானி அறிவித்தலும் நீதிமன்றப் படிக்கட்டும் என்றே தோன்றியிருக்கும். யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. இரு தரப்பாரும் தத்தம் கடிதங்களில் "விளையாட்டின் நலன்" என்று எழுதிக்கொண்டிருந்தபோது பார்வையாளர் கூடத்தில் இருக்கைகள் காலியாகிக்கொண்டிருந்தன என்பதை மட்டும் சொல்கிறேன்.

இனி, நீங்கள் பேசத் தயங்குகிற ஒரு விடயம். மருமகன் அன்றிரவு வீட்டுக்குப் போய்த் தானும் ஆட வேண்டும் என்று சொன்னானாம். மறுநாள் காலையிலேயே தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, நீங்கள் பார்க்கத்தானே கூட்டிக்கொண்டு போனீங்கள்? அவனுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுத்தீங்கள்?" என்று ஆரம்பித்தவள், இங்கிலாந்தின் முன்னாள் வீரர் ஸ்டீவ் தொம்சனைப் பற்றித் தான் வாசித்ததைச் சொன்னாள். 2003 இல் உலகக் கிண்ணத்தை வென்ற அணியில் ஆடியவர்; தமக்கு மறதிநோய் ஏற்பட்டிருப்பதையும் அந்த வெற்றியே தம் நினைவில் இல்லை என்பதையும் 2020 டிசம்பரில் உலகறியச் சொன்னவர். தாய்மார் இவற்றையெல்லாம் வாசிக்கிறார்கள், ஐயா. எங்கள் அம்மாமாரின் காலத்தில் "காலை முறிக்கிற விளையாட்டு" என்ற அச்சம் மட்டுமே இருந்தது. கால் ஆறு வாரத்தில் பொருந்திவிடும் என்று சமாதானம் சொல்லலாம். மூளையைப் பற்றி என்ன சமாதானம் சொல்வது?

நான் அவளிடம் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். 1987 இல் ஒரு பயிற்சி ஆட்டத்தில் ஒருவனுடைய முழங்கால் என் நெற்றிப்பொட்டில் இடித்தது. எங்கே நிற்கிறேன் என்று சில நிமிடங்களுக்கு எனக்குத் தெரியவில்லை. தலையில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, முதுகில் தட்டி, மறுபடியும் விங்குக்கு அனுப்பினார்கள். எவர்மீதும் எனக்குக் கோபமில்லை. அன்று எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அதை வீரம் என்றும் நினைத்தோம். ஆனால் இன்று அந்த அறியாமைக்கு இடமில்லை. இங்கிலாந்தில் 2023 இலிருந்து சமூக மட்ட ஆட்டங்களில் நெஞ்செலும்பின் அடிக்கு மேலே பிடித்து வீழ்த்துவது (டெக்கிள்) தடைசெய்யப்பட்டிருக்கிறது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே வீரரை வெளியேற்ற வேண்டும் என்பது உலக றக்பி அமைப்பின் நிலைப்பாடு. இலங்கையில் ஒரு பாடசாலை ஆட்டத்தில் மைதானத்தோரம் மருத்துவர் இருக்கிறாரா, அடிபட்ட பிள்ளை எத்தனை நாள் விலகியிருக்க வேண்டும், அதைத் தீர்மானிப்பவர் பயிற்றுநரா மருத்துவரா என்பவற்றை மூன்று மொழிகளிலும் எளிய ஒரு பக்கத்தில் எழுதி, பெற்றோர் கையில் கொடுத்துப் பாருங்கள். ஆபத்தே இல்லை என்று சொல்ல வேண்டாம்; அதை எவரும் நம்பமாட்டார்கள். ஆபத்தை நாங்கள் அறிவோம், இப்படிக் கையாளுகிறோம் என்று சொன்னால் என் தங்கை போன்றவர்கள் குறைந்தபட்சம் தொலைபேசியை வைக்காமல் கேட்பார்கள்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன், அவை உங்களுக்கும் தெரிந்தவை. மைதானங்கள் பூட்டிக் கிடந்த 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பத்துப் பதினொரு வயதில் இருந்தவர்கள் பந்தைத் தொடாமலே வளர்ந்துவிட்டார்கள். அடுத்து வந்த பொருளாதார நெருக்கடியில் ஒரு சோடிப் பூட்ஸ் வாங்குவதே பல வீடுகளில் யோசனைக்குரிய செலவாயிற்று. பரீட்சை அட்டவணைகள் இடம் மாறின. மாலைப் பயிற்சி வேளையில் ரியூஷன் வகுப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு பாடசாலைகளில் வளர்ந்த வீரர்களைக் கடைசி ஆண்டில் இழுத்துவந்து கிண்ணம் வெல்லும் வழக்கத்தைப் பற்றி, சிறு வயதிலிருந்து அதே பாடசாலையில் பயின்று கடைசியில் மாற்று வீரர் வாங்கிலில் உட்கார்ந்த பையன்களைக் கேட்டால் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். அவர்களில் ஒருவனும் பின்னர் கழக ஆட்டம் பார்க்க வருவதில்லை.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். தேசிய அணியின் வெற்றி ஒன்றே எல்லாவற்றையும் மாற்றிவிடும் என்ற நம்பிக்கையை முதலில் சற்று ஒதுக்கி வைக்கலாம் என்பது என் எண்ணம். 2027 உலகக் கிண்ணத்துக்கு அணிகளின் தொகை 24 ஆக உயர்த்தப்பட்டது. ஆசியாவிலிருந்து அந்த வாய்ப்பை முதன்முறையாகப் பிடித்துக்கொண்டது ஹொங்கொங் சீனா. ஒருமுறைகூட உலகக் கிண்ணத்தில் ஆடாத நமக்கு அது வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் கேட்பது அதைவிடச் சிறியது. பம்பலப்பிட்டியிலும் கொட்டாஞ்சேனையிலும் இரத்மலானையிலும் தமிழ்மொழி மூலம் கற்பிக்கும் பாடசாலைகளுக்கு ஆண்டுக்கு ஒரு தவணையாவது ஒரு பயிற்றுநரையும் பத்துப் பந்துகளையும் அனுப்புங்கள். முழு றக்பி வேண்டாம். ஒருவரையொருவர் வீழ்த்தாமல், தொட்டாலே போதும் என்ற டச் றக்பி போதும். அதற்குப் பெரிய மைதானம் வேண்டாம், காலணிகூட வேண்டாம், ஆண் பெண் இரு பாலாரும் சேர்ந்தே ஆடலாம். இதில் பெண் பிள்ளைகளைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்துவிட வேண்டாம். தம்பி ஆடப் போவதைத் தடுக்கும் தாயைவிட, தானே ஆடிய அக்கா வீட்டில் இருப்பது ஆட்டத்துக்குப் பெரிய பலம். கிழக்கில் கபடி ஆடும் இளைஞர்களைப் பாருங்கள். எதிரியின் இடுப்புக்குக் கீழே பிடித்து வீழ்த்துவதை அவர்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. எழுவர் ஆட்டத்துக்கு அவர்களை ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.

கழக ஆட்டங்களுக்குச் சீருடையில் வரும் மாணவர் எவரையும், அவர் எந்தப் பாடசாலையாக இருந்தாலும், கட்டணமின்றி உள்ளே விடுங்கள். காலியாகக் கிடக்கும் இருக்கையால் உங்களுக்கு ஒரு சதமும் வரப்போவதில்லை. ஆட்டம் முடிந்த பிறகு வீரர்களைப் பதினைந்து நிமிடம் வேலியோரம் நிற்கச் சொல்லுங்கள். அன்று ஹவ்லொக் பார்க்கில் அப்படி ஒரு வீரர் தற்செயலாக எங்கள் பக்கம் வந்து, மருமகனுடைய கையில் பந்தைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டிவிட்டுப் போனார். அவருடைய பெயரை அவன் இப்போதும் சொல்கிறான். அவருடைய அணிதான் இப்போது அவன் கத்துகிற அணி.

தமிழ் நேர்முக வர்ணனையைப் பற்றி ஒரு நடைமுறை விடயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்களோடு ஆடியவர்களுள் நாட்டிலேயே தங்கிவிட்ட மூவர் இருக்கிறோம். ஒருவர் பாடசாலை ஆட்டங்களில் மத்தியஸ்தராகவும் இருந்தவர். மற்றவருக்குக் குரல் நன்று. எனக்குக் கிளித்தட்டு தெரியும். வரும் பருவத்தில் ஏதேனும் ஓர் ஆட்டத்தை, அது புள்ளிப் பட்டியலில் அடியில் கிடக்கும் இரண்டு அணிகளின் ஆட்டமாக இருந்தாலும் சரி, சோதனைக்காக எங்களிடம் தாருங்கள். ஊதியம் வேண்டாம். ஸ்க்ரம், லைன் அவுட், மோல் போன்ற ஆட்டச் சொற்களை அப்படியே சொல்வதா, தமிழில் பெயர் வைப்பதா என்று எங்களுக்குள் ஏற்கெனவே சண்டை தொடங்கிவிட்டது. அட்டவணை வெளியாகும் நாளில் உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து விசாரிப்பேன்.

இங்ஙனம்,
வெள்ளவத்தையிலிருந்து,
ஒரு பழைய விங் ஆட்டக்காரன்